டிஎம்ஜி திறக்கிறது, ஆப் மட்டும் 'டேமேஜ்டு' என்கிறது: எங்கே கோளாறு?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். போட்டோ ஸ்டூடியோக்களுக்காக ஆல்பம் பிரிக்கவும் பில் போடவும் பைத்தான் மொழியும், ஜன்னல்களையும் பொத்தான்களையும் செய்யும் பைசைட் லைப்ரரியும் கொண்டு ஒரு மேக் ஆப் செய்திருக்கிறேன். எம்1 மேக் மினியில், பைத்தான் கோடை ஆப்பாக்கும் பைஇன்ஸ்டாலரில் கட்டி, மாதிரி ஆல்பங்கள் உள்ள ஃபோல்டரை ஆப்புக்குள் காப்பி செய்து, டிஎம்ஜி ஆக்கி, கூகுள் டிரைவில் ஏற்றினேன். என் மெஷினில் ஓடுகிறது. பென்டிரைவில் கொண்டுபோன நெல்லிக்குப்பம் நண்பர் மேக்கிலும் திறந்தது. புதுச்சேரி ஸ்டூடியோ ஒன்றில் டவுன்லோட் செய்தால் 'டேமேஜ்டு, குப்பையில் போடுங்கள்' என்று வருகிறது. இணையத்தில் பார்த்து, ஃபைலில் ஒட்டியிருக்கும் குறிகளை நீக்கும் எக்ஸ்ஆட்டர் கட்டளையை டிஎம்ஜி மீது கொடுத்துத் திறக்க வைத்தேன். அப்போது 'கோவில் திருமணம்', 'ஜோடி படங்கள்' ஆகிய இரண்டு மாதிரிகள் மட்டும் பட்டியலில் இல்லை. 'மஞ்சள் நீராட்டு', 'மாசிமகம்' எல்லாம் வருகின்றன. பில் போட்டால் டேட்டாபேஸ் ரீட்-ஒன்லி என்று பிழை. வில்லியனூரில் ஒருவரின் பழைய ஐமேக்கில் ஆப் திறக்கவே இல்லை. டிஎம்ஜி ஜன்னலின் பின்னணிப் படமும் எங்கும் வரவில்லை. டிஎம்ஜியைச் சரியாகச் செய்வது எப்படி?

பதில்: நீங்கள் சொன்ன ஐந்து கோளாறுகளில் பின்னணிப் படம் ஒன்றுதான் டிஎம்ஜி செய்யும் முறையைச் சேர்ந்தது. மற்ற நான்கும் டிஎம்ஜிக்குள் நீங்கள் வைத்த ஆப்பைச் சேர்ந்தவை. டிஎம்ஜி எதையும் நிறுவுவதில்லை. அது ஒரு டிஸ்கின் நகல். திறந்தால் ஒரு வட்டு போல மவுன்ட் ஆகும், அவ்வளவுதான். நிறுவும் வேலையைச் செய்பவர், ஆப்பை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப்போடும் வாடிக்கையாளர். அதனால் முதலில் ஆப்பைச் சரிசெய்துவிட்டு, டிஎம்ஜியைக் கடைசியில் பார்ப்போம்.

உங்கள் மெஷினில் ஓடி வாடிக்கையாளர் மெஷினில் ஓடாததற்குக் காரணம், குரோம், சஃபாரி போன்ற பிரவுசர்கள் டவுன்லோட் செய்யும் ஃபைலில் 'குவாரன்டைன்' என்றொரு குறியை ஒட்டுவது. அந்தக் குறி உள்ள ஆப்பை முதல்முறை திறக்கும்போது மேக்கின் பாதுகாப்புக் காவலான கேட்கீப்பர் முழுசாகச் சோதிக்கிறது. நீங்களே கட்டிய ஆப்பிலோ, பென்டிரைவில் போன ஆப்பிலோ அந்தக் குறி இல்லை, சோதனையும் இல்லை. ஆகவே நெல்லிக்குப்பத்தில் திறந்தது எதற்கும் சான்று ஆகாது. இனிமேல் ஒவ்வொரு வெளியீட்டையும் டிரைவில் ஏற்றி, அதே லிங்கிலிருந்து பிரவுசர் வழியாக இறக்கி, உங்கள் மேக்கிலேயே புதிதாக உருவாக்கிய ஒரு யூசர் கணக்கில் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பார்ப்பதை நீங்களும் பார்க்க அதுதான் வழி.

அடுத்து, 'டேமேஜ்டு' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். டெவலப்பர் கணக்கின் கையொப்பம் இல்லாத ஆப்புக்கு மேக் பொதுவாகச் சொல்வது வேறு: ஆபத்து இல்லாததா என்று ஆப்பிளால் சரிபார்க்க முடியவில்லை என்று வரும். 'டேமேஜ்டு' என்று வந்தால் பெரும்பாலும் கையொப்பம் இருக்கிறது, ஆனால் உடைந்திருக்கிறது என்று பொருள். பைஇன்ஸ்டாலர் மேக்கில் கட்டும்போதே ஒரு தற்காலிகக் கையொப்பத்தைப் போட்டுவிடுகிறது. ஆப்புக்குள் உள்ள ஒவ்வொரு ஃபைலின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) அதில் பதிவாகிறது. நீங்கள் அதன் பிறகு மாதிரி ஆல்பங்களை உள்ளே காப்பி செய்திருக்கிறீர்கள். கவரை ஒட்டி அரக்கு வைத்த பின் உள்ளே ஒரு தாளைச் செருகியதற்குச் சமம் அது. மாதிரிகளை, பைஇன்ஸ்டாலர் எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்பெக் ஃபைலின் 'டேட்டாஸ்' பட்டியலில் சேருங்கள். கட்டும்போதே உள்ளே போய்விடும், கையொப்பமும் அதற்குப் பிறகே விழும். கட்டி முடித்த ஆப்பைக் கையால் தொடவே கூடாது. ஐகானை மாற்றுவது, ஆப்பின் விவரங்கள் இருக்கும் இன்ஃபோ பிலிஸ்டில் பதிப்பு எண்ணைத் திருத்துவது உட்பட.

ஸ்பெக் ஃபைலைத் திறக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். ஒரே ஃபைலாக்கும் 'ஒன்ஃபைல்' முறையில் கட்டியிருந்தால், ஃபோல்டராகக் கட்டும் 'ஒன்டிர்' முறைக்கு மாறிவிடுங்கள். ஒன்ஃபைல் ஆப் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொள்கிறது. தாமதமும் உண்டு, மேக்கின் பாதுகாப்புச் சோதனைகளோடு ஒத்தும் போகாது. மேக்கில் ஆப் என்பதே ஒரு ஃபோல்டர்தான். ஒரே ஃபைலாகச் சுருக்குவதில் வாடிக்கையாளருக்கு எந்த லாபமும் இல்லை.

முத்திரை உடையாமல் கட்டினாலும், 'சரிபார்க்க முடியவில்லை' என்ற எச்சரிக்கை வரத்தான் செய்யும். முன்பெல்லாம் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கிளிக் செய்து 'ஓபன்' கொடுத்தால் தாண்டிவிடலாம். 2024-இல் வந்த மேக் ஓஎஸ் 15 செக்கோயாவில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒருமுறை திறக்க முயன்று, பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய், 'ஓபன் எனிவே' அழுத்தி, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். அந்தப் பொத்தானும் முயன்ற பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் தெரியும். காசு வாங்கி விற்கும் ஆப்புக்கு இதைச் செய்யச் சொல்வது சரியில்லை. எக்ஸ்ஆட்டர் கொடுக்கச் சொல்வதை நான் அறவே மறுப்பேன். முகூர்த்த நாள் நெருக்கடியில் இருக்கும் ஸ்டூடியோக்காரருக்கு, இணையத்தில் கிடைக்கும் கட்டளையை டெர்மினலில் ஒட்டிப் பாதுகாப்பை நீக்கலாம் என்று நாம் பழக்கிக் கொடுத்தால், நாளைக்கு வேறொருவன் அதே கட்டளையைக் கொடுத்து அவர் ஹார்ட் டிஸ்கைக் காலி செய்வான்.

ஆகவே ஆப்பிள் டெவலப்பர் திட்டத்தில் சேருங்கள். ஆண்டுக் கட்டணம் 99 டாலர். தனிநபராகச் சேர்ந்தால் உங்கள் சட்டப்பூர்வப் பெயரே கையொப்பத்தில் வரும்; நிறுவனமாகச் சேர, நிறுவனங்களை அடையாளம் காட்டும் டி-யு-என்-எஸ் எண் வேண்டும். ஒரு ஆளாக வேலை செய்பவருக்குத் தனிநபர் கணக்கே போதும். சேர்ந்ததும் 'டெவலப்பர் ஐடி அப்ளிகேஷன்' சான்றிதழை எடுங்கள். 'ஆப்பிள் டெவலப்மென்ட்' சான்றிதழும், ஆப் ஸ்டோருக்கான விநியோகச் சான்றிதழும் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றால் கையொப்பமிட்டு அனுப்பினால் ஆப்பிள் நிராகரித்துவிடும்.

கையொப்பம் இடுவதில் ஒழுங்கு முக்கியம். உள்ளே இருக்கும் லைப்ரரிகள் முதலில், அவற்றைச் சுமக்கும் ஃபிரேம்வொர்க்குகள் அடுத்து, ஆப் கடைசியில். கோட்சைன் கட்டளையில் 'டீப்' என்ற விருப்பம் இதையெல்லாம் ஒரே அடியில் முடித்துவிடும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எல்லா லைப்ரரிக்கும் ஒரே அனுமதிகளைப் பூசிவிடுவதும், எதிர்பாராத இடத்தில் உள்ள லைப்ரரியை விட்டுவிடுவதும் அதன் குறைகள். உங்களுக்கு எளிய வழி பைஇன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. ஸ்பெக் ஃபைலில் 'கோட்சைன் ஐடென்டிட்டி' இடத்தில் சான்றிதழின் பெயரைக் கொடுத்தால், திரட்டும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஹார்டன்டு ரன்டைம் (ஆப் ஓடும்போது கட்டுப்பாடுகள் போடும் பாதுகாப்பு), பாதுகாப்பான நேரமுத்திரை இரண்டையும் சேர்த்தே அது கையொப்பமிடும். நேரமுத்திரைக்கு இணையம் வேண்டும். லைன் போயிருக்கும்போது கட்டினால் அந்த இடத்தில் நின்றுவிடும்.

அந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு கேட்கும் 'என்டைட்டில்மென்ட்' ஃபைலில் இணையத்தில் கிடைப்பதையெல்லாம் அள்ளிப்போடாதீர்கள். முதலில் காலியாக வைத்துக் கட்டுங்கள். ஹார்டன்டு ரன்டைம் போட்ட பிறகு மட்டும் ஆப் திறந்தவுடன் விழுந்தால், சி மொழி லைப்ரரிகளை அழைக்கும் சிடைப்ஸ் போன்றவற்றுக்காகக் கையொப்பமற்ற மெமரியை இயக்கும் அனுமதி ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். லைப்ரரிச் சோதனையை நிறுத்தும் அனுமதி உங்களுக்குத் தேவைப்படாது. எல்லா லைப்ரரியும் உங்கள் கையொப்பத்தில்தானே இருக்கின்றன.

கையொப்பமிடும்போது 'ரிசோர்ஸ் ஃபோர்க், ஃபைண்டர் இன்ஃபர்மேஷன்' இருக்கக்கூடாது என்று பிழை வந்தால், மாதிரிப் படங்கள் எக்ஸ்ஃபேட் டிஸ்கிலோ ஐகிளவுட் ஒத்திசைக்கும் டெஸ்க்டாப்பிலோ இருந்து வந்திருக்கலாம். மூலப் படங்களில் ஒட்டியிருக்கும் கூடுதல் குறிகளை நீக்கிவிட்டு, வேலை ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கு வெளியே மாற்றுங்கள். எக்ஸ்ஆட்டருக்கு உரிய இடம் இது, உங்கள் மெஷினில். வாடிக்கையாளர் மெஷினில் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறுக்கு வருகிறேன். 'மாசிமகம்' வருகிறது, 'கோவில் திருமணம்' வரவில்லை. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள்தோறும் இத்தனை திருமணம் நடக்கும் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு அந்த மாதிரியை இழப்பது பெரிய இழப்பு. வராத இரண்டு பெயர்களையும் பாருங்கள்: 'கோ', 'ஜோ'. ஒகர ஓகார ஔகாரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கலாம். அல்லது ஏகாரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனி எழுத்தாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கு அவை வேறு வேறு சரங்கள்.

நீங்கள் டிஎம்ஜியை மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் வடிவில் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஃபைல் சிஸ்டம் எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவில்தான் எழுதும். உங்கள் மேக்கில் இருக்கும் புதிய ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ் நீங்கள் கொடுத்த வடிவை அப்படியே வைத்திருக்கும். அதனால் உங்களிடம் சேர்ந்த வடிவில் இருந்த 'கோ', டிஎம்ஜிக்குள் போகும்போது பிரிந்துவிட்டது. அப்ளிகேஷன்ஸுக்கு இழுத்தாலும் பிரிந்த வடிவிலேயே போகும். உங்கள் கோடு ஃபோல்டர் பட்டியலை வாசித்து, உள்ளே எழுதி வைத்த பெயர்களோடு ஒப்பிடும்போது அந்த இரண்டும் பொருந்தவில்லை. இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. முழுப் பாதையைக் கொடுத்து 'இருக்கிறதா' என்று கேட்டால் ஃபைல் சிஸ்டம் இருக்கிறது என்றே சொல்லும், ஏனென்றால் அது இரண்டு வடிவையும் ஒன்றாகவே தேடுகிறது. பட்டியல் வாசித்து ஒப்பிடும் இடத்தில் மட்டும்தான் தவறும்.

இதற்குச் செய்ய வேண்டியது இரண்டு. ஆப்புக்குள் போகும் ஃபோல்டர், ஃபைல் பெயர்களை வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வையுங்கள். திரையில் காட்டும் தமிழ்ப் பெயரை ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி அங்கிருந்து எடுங்கள். இரண்டாவது, ஒப்பிடும் எல்லா இடத்திலும் இரு பக்கத்தையும் யூனிகோட்டேட்டா தொகுதியின் 'நார்மலைஸ்' கொண்டு என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். டிஎம்ஜியை ஏபிஎஃப்எஸ்ஸாகச் செய்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஸ்டூடியோக்களில் பழைய படங்கள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்குகளில் எச்எஃப்எஸ் பிளஸ் இன்னும் நிறைய இருக்கிறது. வாடிக்கையாளரே 'பொன்விழா' என்று ஒரு ஃபோல்டர் போட்டால் இதே சிக்கல் திரும்ப வரும்.

வெளி டிஸ்க் என்றதும் இன்னொன்று. அவற்றைப் படிக்க மேக் வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியில் காரணம் சொல்லும் வரியை இன்ஃபோ பிலிஸ்டில் தமிழிலேயே எழுதலாம். 'ஆல்பத்துக்கான படங்களைப் படிக்க' என்று இருந்தால் பயப்படாமல் சம்மதம் கொடுப்பார்.

பில் சேமிக்க முடியாததற்குக் காரணம் எளிது. டேட்டாபேஸ் ஃபைலை ஆப்புக்குள்ளோ அதன் பக்கத்திலோ வைத்திருக்கிறீர்கள். புதுச்சேரி வாடிக்கையாளர் ஆப்பை இழுத்துப்போடாமல் டிஎம்ஜி ஜன்னலிலேயே இரண்டு கிளிக் செய்திருக்கிறார். டிஎம்ஜி எழுத முடியாத வட்டு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்துத் திறந்தாலும் நிலைமை அதேதான்: குவாரன்டைன் குறி உள்ள ஆப்பை 2016-இல் வந்த சியராவிலிருந்து மேக் ஒரு தற்காலிக, எழுத முடியாத பாதையிலிருந்து இயக்குகிறது. அப்ளிகேஷன்ஸில் இருக்கும்போது எழுத முடிந்தாலும் முத்திரை உடையும். யூசரின் லைப்ரரிக்குள் 'அப்ளிகேஷன் சப்போர்ட்' ஃபோல்டரில் உங்கள் ஆப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி டேட்டாபேஸை அங்கே வையுங்கள். பைசைடின் 'ஸ்டாண்டர்டுபாத்ஸ்' அந்த இடத்தைக் கொடுக்கும். அதோடு, ஆப் தொடங்கும்போது தன் பாதை 'வால்யூம்ஸ்' என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்து, அப்படியானால் 'முதலில் அப்ளிகேஷன்ஸுக்கு இழுத்துப்போடுங்கள்' என்று சொல்லி மூடிக்கொள்ளட்டும். பில் சம்பந்தப்பட்ட ஆப்பில் அந்தக் கண்டிப்பு தேவை.

வில்லியனூர் ஐமேக் இன்டெல் மெஷின் என்பது என் ஊகம். உங்கள் எம்1-இல் கட்டியது ஆப்பிள் சிப்புக்கு மட்டுமே ஓடும். ரொசெட்டா இன்டெல் ஆப்பை ஆப்பிள் சிப்பில் ஓட்டும், மறுபக்கம் ஓட்டாது. இரண்டுக்கும் பொதுவான யூனிவர்சல் ஆப் கட்டலாம், ஆனால் உள்ளே உள்ள ஒவ்வொரு லைப்ரரியும் இரண்டு வடிவையும் கொண்டிருக்க வேண்டும். பைசைட் அப்படி வருகிறது. எண் கணக்குகளுக்கான நம்பை போன்ற லைப்ரரிகள் தனித்தனியாகவே வருகின்றன, பைஇன்ஸ்டாலர் அங்கே நின்றுவிடும். ரொசெட்டாவின் கீழ் இன்டெல் பைத்தானைத் தனிச் சூழலாக வைத்து இரண்டாவது டிஎம்ஜி ஒன்று கட்டுவதே நேரம் மிச்சம். இரண்டு லிங்குக்கும் 'எம் சிப்', 'இன்டெல்' என்று தெளிவாகப் பெயர் வையுங்கள். மேக் ஓஎஸ் 26-ஓடு இன்டெல் மெஷின்களுக்கான புதிய பதிப்புகள் நிற்பதாக ஆப்பிள் அறிவித்துவிட்டது, எனவே இந்த இரட்டை வேலை நிரந்தரமில்லை. ஐமேக்கின் மேக் ஓஎஸ் பதிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் பைசைட் பதிப்பு அந்தப் பழைய ஓஎஸ்ஸை ஆதரிக்காவிட்டால், சிப் சரியாக இருந்தும் திறக்காது.

ஆப் தயாரானதும் டிஎம்ஜி. மேக்கில் இதற்கான அடிப்படைக் கருவி எச்டிஐயூட்டில். முதலில் எழுதக்கூடிய யூடிஆர்டபிள்யூ வடிவில் ஒரு இமேஜ் செய்து, மவுன்ட் செய்து, ஜன்னலை ஒழுங்குபடுத்தி, பிறகு சுருக்கிய வடிவுக்கு மாற்றுவது வழக்கமான முறை. கடைசி வடிவு யூடிஇசட்ஓ ஆக இருக்கட்டும். எல்லாப் பழைய மேக்கிலும் திறக்கும். யூஎல்எஃப்ஓ-வுக்குக் குறைந்தது மேக் ஓஎஸ் 10.11, இன்னும் சிறிதாகும் யூஎல்எம்ஓ-வுக்கு 10.15 வேண்டும்.

உள்ளே ஆப்பை வைக்கும்போது டிட்டோ கட்டளையால் காப்பி செய்யுங்கள். ஃபிரேம்வொர்க்குகளில் இருக்கும் சிம்பாலிக் லிங்குகள் குலையாது. பக்கத்தில் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு ஒரு சிம்பாலிக் லிங்க். பின்னணிப் படம் உங்களுக்கு வராததற்குக் காரணம், படம் உங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருந்தபடியே ஃபைண்டரில் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். ஜன்னல் அமைப்பு டிஎஸ்-ஸ்டோர் என்ற மறைவான ஃபைலில் பதிவாகிறது. அது படத்தைச் சுட்டுகிறதே தவிரச் சுமப்பதில்லை. படத்தை இமேஜுக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு ஃபோல்டரில் வைத்து, அங்கிருந்து தேர்ந்தெடுங்கள். ஜன்னலை அமைத்த பிறகு வால்யூமின் பெயரை மாற்றினாலும் அந்தச் சுட்டு அறுந்துபோகக்கூடும். பதிப்பு எண்ணை டிஎம்ஜி ஃபைலின் பெயரில் வையுங்கள், வால்யூம் பெயரில் வேண்டாம்.

இதையெல்லாம் ஃபைண்டரில் கையால் செய்வதைவிட, பைத்தான்காரரான உங்களுக்கு டிஎம்ஜிபில்ட் பொருத்தம். ஐகான்களின் இடம், ஜன்னல் அளவு, பின்னணி, லிங்க் எல்லாவற்றையும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் எழுதிவிட்டால், ஃபைண்டரைத் தொடாமலே டிஎஸ்-ஸ்டோரை எழுதிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். ஜன்னல் 600-க்கு 400, ஐகான் 128 என்றால் போதுமானது. பின்னணியில் ஒரு அம்புக்குறியும் 'ஆப்பை வலப்பக்க ஃபோல்டரில் இழுத்து விடுங்கள்' என்று தமிழில் ஒரு வரியும் போடுங்கள். ரெட்டினா திரைக்கு 1200-க்கு 800 அளவில் இன்னொரு படமும் வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு பிழைகள் வரும். 'ரிசோர்ஸ் பிஸி' என்றால் ஸ்பாட்லைட்டோ ஆன்டிவைரஸோ அந்த வால்யூமைப் படித்துக்கொண்டிருக்கிறது. சில விநாடி கழித்து, வால்யூமைக் கழற்றும் டிடாச் கட்டளையை மறுபடி கொடுக்கும்படி ஸ்கிரிப்டில் எழுதுங்கள். உங்கள் டிஸ்கில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்றால், கருவி தானாகக் கணக்கிட்ட அளவு போதவில்லை. ஆப் அளவைவிடச் சில பத்து எம்பி கூட்டி நீங்களே அளவைக் கொடுங்கள்.

டிஎம்ஜி முடிந்ததும் அதற்கும் அதே சான்றிதழால் கையொப்பமிட்டு, நோட்டரிடூல் வழியாக ஆப்பிளுக்கு அனுப்புங்கள். ஆப்பிள் சோதித்து ஏற்றால், 'நோட்டரைஸ்' ஆனதற்கு ஒரு சீட்டு தரும். பழைய ஆல்டூல் வழி 2023 நவம்பர் 1 முதல் மூடப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆப்பிள் ஐடியின் சொந்தப் பாஸ்வேர்டு இங்கே செல்லாது. ஆப்புக்கென்று தனிப் பாஸ்வேர்டு உருவாக்கி, 'ஸ்டோர் கிரெடென்ஷியல்ஸ்' கொண்டு கீசெயினில் ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். 'வெயிட்' விருப்பத்தோடு அனுப்பினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வரும். 'இன்வேலிட்' என்று வந்தால் காரணத்தை அங்கேயே சொல்லாது. அது கொடுத்த ஐடியோடு 'லாக்' கேளுங்கள். எந்த லைப்ரரியில் நேரமுத்திரை இல்லை, எதில் ஹார்டன்டு ரன்டைம் இல்லை என்று பாதையோடு எழுதியிருக்கும்.

ஏற்கப்பட்டதும் ஸ்டேப்ளர் கொண்டு அந்தச் சீட்டை டிஎம்ஜியில் இணையுங்கள். இணையம் இல்லாத மெஷினிலும் திறக்கும். உங்கள் வட்டாரத்தில் ஆப்பை மட்டும் பென்டிரைவில் கைமாற்றும் பழக்கம் இருப்பதால் ஒரு படி கூடுதலாகச் சொல்வேன்: ஆப்பை முதலில் டிட்டோவால் ஜிப் செய்து தனியாக அனுப்பி, ஏற்கப்பட்ட பின் ஆப்பிலேயே சீட்டை இணைத்து, அதற்குப் பிறகு டிஎம்ஜி கட்டி மறுபடி அனுப்புங்கள். ஜிப் ஃபைலில் சீட்டை இணைக்க முடியாது. அதற்குள் இருந்த ஆப்பில்தான் இணைக்க வேண்டும். கடைசியாக, கேட்கீப்பர் என்ன சொல்லும் என்று காட்டும் எஸ்பிசிடிஎல் கட்டளை கொண்டு சோதித்தால் 'நோட்டரைஸ்டு டெவலப்பர் ஐடி' என்று வர வேண்டும். கூகுள் டிரைவில் டிஎம்ஜியை மட்டும் ஏற்றுங்கள். ஆப்பை நேராக ஏற்றினால் டிரைவ் அதை வெறும் ஃபோல்டராகப் பார்த்து, இயக்கும் அனுமதியையும் லிங்குகளையும் தொலைத்துவிடும்.

புதுச்சேரி ஸ்டூடியோவில் இப்போது இருப்பதற்கு: மவுன்ட் ஆகியுள்ள பழைய டிஎம்ஜியை எஜெக்ட் செய்து ஃபைலையும் நீக்கச் சொல்லுங்கள். புதியதை டவுன்லோட்ஸில் இறக்கி, நீங்கள் போனில் கூடவே இருந்து இழுத்துப்போட வையுங்கள். பிழை வந்த பில்கள் எங்கும் எழுதப்படவே இல்லை, மீட்க எதுவும் இல்லை. ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகல் இருந்தால் அதைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான். நெல்லிக்குப்பம் நண்பரின் ஆப்பில் டேட்டாபேஸ் ஆப்புக்குள்ளேயே இருக்கக்கூடும். புதிய பதிப்பு பழையதன் மேல் விழுந்தால் அதுவும் சேர்ந்து அழியும். ஆப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' வழியாக அந்த ஃபைலை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு மாற்றச் சொல்லுங்கள்.